மழைக்குப் பின் யார் மெழுகுவது?

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கேரளத்து மலைகளுக்கு ஏற எனக்குப் பழகிய வழிகள் மூன்று. தடாகம், மாங்கரை தாண்டி ஆனைகட்டி போனால் அட்டப்பாடி. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் போனால் பரம்பிக்குளம். உடுமலையிலிருந்து ஒன்பதாறு சோதனைச்சாவடி கடந்தால் சின்னாறு, மறையூர். முதல் இரண்டும் பாலக்காடு மாவட்டம், மூன்றாவது இடுக்கி. வரைபடத்தில் இந்த இரண்டு மாவட்டங்களும் ஒட்டுவதில்லை. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றன. ஆனால் எல்லையோரமாகவே நடமாடுகிறவனுக்கு இது ஒரே சீமைதான். தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சம் மீதியைத்தான் இங்கே அனுப்பும். அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய மேற்கு அட்டப்பாடியில் வருஷத்துக்கு 3,000 மி.மீ. பெய்யும். அதே அட்டப்பாடியின் கிழக்கு ஓரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. சின்னாற்றில் 500 மி.மீ. பெய்தாலே நல்ல வருஷம். கேரளம் என்றதும் மனசில் வருகிற பச்சையை இங்கே தேடக் கூடாது. முள்ளும் கள்ளியும் பாறையும்தான்.

நான் மண் கட்டடம் கட்டுகிறவன். அப்பா கொத்தனார், செங்கல்லும் சிமெண்டும் அவருடைய தொழில். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, ஆரோவில் மண் கட்டடக் கழகத்தில் அழுத்திய மண்கல் செய்யக் கற்றுக்கொண்டு வந்து நின்றபோது, "நாலு காசு பாக்கற தொழிலை உட்டுட்டு சேத்துல எறங்கறயாக்கும்" என்றார். சேற்றில் இறங்கியவன் மலையேறிவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த எல்லையோர ஊர்களில் வீடு, அங்கன்வாடி, தானியக் களஞ்சியம், தடுப்பணை, கழிப்பறை என்று என்னென்னவோ கட்டியாயிற்று. இதையெல்லாம் சேர்த்து இப்போது 'சூழல் கிராமம்' என்கிறார்கள். 1995ல் ஸ்காட்லாந்தின் ஃபின்ட்ஹார்னில் பல நாட்டுக்காரர்கள் கூடிப் பேசிய பிறகு உலகமெங்கும் பரவிய பெயர் அது.

அதே 1995ல் அட்டப்பாடியில் ஓர் அமைப்பு பதிவானது. அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம், சுருக்கமாக அஹாட்ஸ். ஜப்பான் அரசின் கடனுதவியோடு 219 கோடி ரூபாய்த் திட்டம். மொட்டையாகிப் போன மலைகளை மறுபடி பச்சையாக்குவது, மண்ணையும் நீரையும் பிடித்து நிறுத்துவது, ஊர்க்காரர்களுக்கு அந்த வேலையிலேயே கூலி கொடுப்பது என்பது நோக்கம். மலை எப்படி மொட்டையானது என்பது தனிக்கதை. ஜன்மிகள் எனப்பட்ட நிலப்பிரபுக்களின் கையிலிருந்த தனியார் காடுகளை அரசுடைமையாக்கும் சட்டம் 1971ல் வந்தது. சட்டம் வரப்போகிறது என்று தெரிந்த காலத்திலேயே கோடாலி விழத் தொடங்கிவிட்டது. கீழிருந்து குடியேறியவர்கள் நிலத்தை வாங்கினார்கள், வாங்காமலும் எடுத்துக்கொண்டார்கள். 1951ல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடிகள். 2001 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் கீழே.

அஹாட்ஸ் வேலைகளில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பணிகளை 'ஊர் விகசன சமிதி' என்று ஒவ்வோர் ஊரிலும் அமைத்த குழுக்களின் வழியாக நடத்தினார்கள். கணக்குப் புத்தகம் ஊர்க்காரர் கையில் இருந்தது. அதில் குறைகளும் இருந்தன, சண்டைகளும் நடந்தன. ஆனாலும் பதினைந்து வருஷம் கழித்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஓடும் கொடுங்கரைப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்கள் அந்தத் திட்டத்தை முழுசாகத் திட்டுவதில்லை. 2010ல் திட்டம் முடிந்தது. ஜீப்புகள் நின்றன, சம்பளம் நின்றது, பயிற்சி பெற்ற இளைஞர்கள் கோவைக்கு வேலை தேடி பஸ் ஏறினார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தது அந்த முடிவுக் காலத்தில். ஆகவே புதுத் திட்டத்தின் உற்சாகத்தைவிட, பழைய திட்டத்துக்குப் பின்னால் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் ஒரு சின்னக் குழு. அட்டப்பாடியில் நாங்கள் வேலை செய்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சனிக்கிழமை சனிக்கிழமை கார்கள் போய் நிற்கும். அங்கே ஏற்கெனவே போதிய தொந்தரவு. பவானி ஆற்றுக்கு மேலே சரிவில் இருக்கும் இருளர் ஊர், நாற்பதுக்குக் கொஞ்சம் கூடக் குறைய வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நன்கொடையாளர் பணம் கொடுத்து, இங்கே மண்ணும் மூங்கிலும் கொண்டு ஒரு முன்மாதிரி கிராமம் உண்டாக்க வேண்டும் என்றார். வரைபடமும் அவரே அனுப்பியிருந்தார். வட்ட வட்டமான வீடுகள், நடுவில் திறந்தவெளி அரங்கம்.

இருளர் ஊர்களில் வீடுகள் வரிசையாகத்தான் இருக்கும். ஒன்றின் சுவரில் அடுத்தது ஒட்டி நிற்கும்; முன்னால் பொது வாசல். ஊர் நிர்வாகமும் வரிசையாகத்தான்: தலைவர் மூப்பன், அவருக்குத் துணையாகக் குறுதலை, பண்டம் காக்கிற பண்டாரி, விதைப்பு பற்றிச் சொல்கிற மண்ணுக்காரன். ஊர்க்கூட்டத்தில் வரைபடத்தை விரித்தேன். மூப்பன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, தமிழில் கேட்டார்:

"மேஸ்திரி, மண் வீடு எங்க அப்பன் பாட்டன் கட்டினதுதான். நீங்க கத்துத் தர வேண்டியதில்ல. மழைக்கு அப்பறம் யார் மெழுகறது, அதச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பதில் இல்லை. மூப்பனே விளக்கினார். மண் சுவரை வருஷா வருஷம் மெழுக வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, அறுவடையும் முடிந்து, தை மாசம் பெண்கள் அந்த வேலையில் உட்காருவார்கள். இப்போது தை மாசம் அவர்கள் அகளியிலும் தோட்டங்களிலும் கூலிக்குப் போகிறார்கள். மெழுகச் சாணம் வேண்டும். மேய்ச்சல் நிலம் போனதோடு மாடுகளை விற்றாயிற்று. நல்ல செம்மண் எடுத்த குழி இன்றைக்கு வேறு ஒருத்தர் கம்பிவேலிக்குள் இருக்கிறது. மூங்கில் வெட்டப் போனால் காட்டிலாகா கேள்வி கேட்கும். கூரைப்புல் வளர்ந்த சரிவில் இப்போது வேறென்னவோ நட்டிருக்கிறார்கள். "அப்பறம் எப்படி மண் வீட்ல இருக்கறது? அதனாலதான் கவருமெண்டு வார்ப்பு வீடு குடுத்தா வாங்கிக்கறோம்."

மண் கட்டடக்காரர்கள் கூடுகிற இடங்களில் ஒரு புலம்பல் எப்போதும் கேட்கும்: மக்கள் நாகரிக மோகத்தில் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டார்கள் என்று. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அந்தப் புலம்பலில் நான் சேர்ந்துகொள்வதில்லை. மண் வீட்டைத் தாங்கியது மாடு, மேய்ச்சல், மண்குழி, மூங்கில்புதர், பெண்களின் கையில் இருந்த ஓய்ந்த இரண்டு வாரம். இவை ஒவ்வொன்றாகப் போன பிறகு, மெழுகாத மண் சுவரில் கரையான் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு யாராலும் இருக்க முடியாது. சூழல் கிராமம் கட்டுவதென்றால் அந்த ஐந்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். வீடு அதற்குப் பிறகுதான். பணம் கொடுத்தவருக்கு இதைப் புரியவைக்கச் சில மாதங்கள் ஆயின. அரங்கம் வராது என்று தெரிந்ததும் அவர் பாதித் தொகையோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் நல்லதுதான், பணம் குறைந்தால் அவசரமும் குறையும்.

முதல் வருஷம் வீடே கட்டவில்லை. சரிவில் கல்வரப்புப் போட்டோம். இது அஹாட்ஸ் காலத்தில் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் பழகிய வேலை. சம உயரக் கோட்டைப் பிடிக்க இரண்டு காலும் குறுக்குச் சட்டமும் உள்ள மரச்சட்டம், நடுவில் நூலில் தொங்கும் கல், அவ்வளவுதான் கருவி. தண்ணீர் எந்தப் பக்கம் பாயும், எங்கே பிய்த்துக்கொண்டு போகும் என்பதை மண்ணுக்காரன் பார்த்தே சொல்லிவிடுவார். நூல் காட்டிய கோடும் அவர் காட்டிய கோடும் ஒத்துப்போகாத இடங்களில் அவர் சொன்னதைத்தான் செய்தோம். காரணம் நூலுக்குப் போன வருஷத்து மழை தெரியாது. ஓடையில் பெரிய தடுப்பணை வேண்டாம், மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னக் கல்தடுப்பு போதும் என்றும் அவர்களே சொன்னார்கள். கல்தடுப்பு சரிந்தால் இரண்டு பேர் போய் எடுத்து வைத்துவிடலாம். கான்கிரீட் அணையில் விரிசல் விட்டால் பொறியாளர் வர வேண்டும், மதிப்பீடு போட வேண்டும், டெண்டர் விட வேண்டும். ஓடைக்கரையில் மூங்கில் நட்டோம். கட்டடத்துக்கு ஆகிற மூங்கிலுக்கு மூணு நாலு வயசாவது ஆக வேண்டும். அதனால் முதலில் நட வேண்டியது அதுதான். 2017 நவம்பரில் வனச்சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரக் கணக்கில் வராது என்று ஆக்கினார்கள். பட்டா நிலத்து மூங்கிலுக்கு அது பெரிய விடுதலை. பட்டா இல்லாதவனுக்கு என்ன விடுதலை என்பது வேறு கேள்வி.

மண் பார்ப்பது தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு முழங்கை ஆழத்துக்குக் கீழே எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் முதல் நிமிஷத்திலேயே மணல் இறங்கிவிடும். வண்டல் அரை மணியில் படியும். களி மறுநாள் காலையில்தான் முழுசாகத் தெளியும். அடுக்குகளை விரலால் அளந்தால் மண்ணின் ஜாதகம் தெரிந்துவிடும். அழுத்திய மண்கல்லுக்குப் பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி சரளையும் வண்டலுமாக இருந்தால் யோகம். களி கூடினால் கல் காயும்போது வெடிக்கும். குறைந்தால் ஓரம் உதிரும். அந்த ஊர் மண்ணில் களி அதிகம். ஆற்று மணல் கலந்தால் சரியாகும், ஆனால் மணலுக்கு இன்றைய விலையில் அது பணக்கார வேலை. பாறை உடைந்து கிடந்த சரளைப் பொடியைச் சலித்துக் கலந்தோம். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட். கையால் இயக்கும் அச்சில் ஒரு ஆள் நிரப்ப, இரண்டு பேர் தண்டை இழுக்க, ஒருத்தர் கல்லை எடுத்து அடுக்க வேண்டும். நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடிவைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் எல்லாக் கட்டட இடங்களிலும் ஏமாற்று நடக்கும். காலையும் மாலையும் கோணியை நனைக்கிறதில் யாருக்கும் புகழ் கிடைக்காது அல்லவா. இங்கே அதைப் பாட்டிகளிடம் விட்டோம். ஒரு கல் கூட வெளுத்துக் காயவில்லை.

ஊர்ப் பெண்களுக்கு என்னைவிட மண் தெரியும். தரை மெழுகக் கரையான் புற்றுமண்தான் வேண்டும் என்று ஒரு அக்கா அடம் பிடித்தார். கரையான் தன் எச்சிலால் குழைத்த மண் அது. தண்ணீர் பட்டாலும் சட்டென்று கரையாது. புற்றுமண், சாணம், சலித்த செம்மண் மூன்றையும் மூன்று நாள் ஊறவைத்து மெழுகின தரையில் காலை வைத்துப் பார்த்தால் தெரியும். டைல்ஸ் கடைக்காரர்கள் பிழைப்புக் கெட்டுவிடும்.

வீட்டில் என்ன மாற்றினோம் என்றால், மழை மோதுகிற பக்கத்துச் சுவர்களை மட்டும் அழுத்திய மண்கல்லால் கட்டி வெளியே சுண்ணாம்புப் பூச்சு கொடுத்தோம். மற்ற சுவர்கள் மூங்கில் பின்னலும் மண்பூச்சும். இறவாரத்தை ஒரு முழம் கூடுதலாக நீட்டினோம். மெழுக வேண்டிய பரப்பு பாதிக்கு மேல் குறைந்தது. கணக்கு அவர்களுடையது: ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணால் இரண்டு நாளில் மெழுகி முடிக்க முடிய வேண்டும், அதற்கு மேல் கூலியை விட முடியாது. அதிலிருந்து பின்னோக்கி நடந்துதான் சுவரின் கனமும் இறவாரத்தின் நீளமும் தீர்மானமாயின. மூங்கிலை அவர்கள் வழக்கப்படி தேய்பிறையில் வெட்டி ஓடையில் ஊறப்போட்டு, பிறகு என் வழக்கப்படி போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் இன்னொரு முறை ஊறவைத்தோம். எது வண்டைத் தடுத்தது என்று இன்று வரை இரண்டு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்கிறது.

பக்கத்து ஊர்களில் வார்ப்பு வீடுகளுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் மூங்கிலும் தகரமுமாக ஒரு சாய்ப்பு இருக்கும். சமையல், சாப்பாடு, பேச்சு, தூக்கம் எல்லாம் அங்கேதான். வார்ப்பு வீட்டுக்குள் மூட்டை முடிச்சும் டிவியும். புகை போக வழியில்லாத அறையில் மூன்று கல் அடுப்பு எப்படி எரியும்? நாங்கள் அந்தச் சாய்ப்பையே அளந்து, அதையே வீட்டின் நடு அறையாக வரைந்தோம். ஒரே ஒரு விஷயத்தில் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தானியத்தை வீட்டில் வைக்க மாட்டோம் என்றார்கள். அரிசி, உப்பு வாசனைக்கு யானை சுவரை இடிக்கும். ஊர் நடுவே கல்மேடை போட்டுப் பொதுக் களஞ்சியம் கட்டினோம். ராகியும் சாமையும் அங்கே. சாவி பண்டாரியிடம்.

ராகி என்றதும் 2013 பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் அட்டப்பாடியில் ஊட்டச்சத்துக் குறைவால் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தேசமே திரும்பிப் பார்த்தது. சமூகச் சமையலறைகள் வந்தன. கேரளத்துப் பெண்கள் குழு இயக்கமான குடும்பஸ்ரீயின் சிறப்புத் திட்டம் வந்தது. 2017ல் சிறுதானிய கிராமத் திட்டம் வந்தது. இவை எல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது பஞ்சகிருஷி: ஒரே காட்டில் ராகி, சாமை, தினை, துவரை, அவரை, கீரை எல்லாம் கலந்து விதைப்பது. விதைப்புக்கு முன் கம்பளம் என்று கொட்டு முழக்கி ஊரே ஆடும். நிலம் போனதும் பஞ்சகிருஷியும் போனது. ரேஷன் அரிசி வந்தது. மிச்சம் இருந்த இரண்டு விதைகளுக்கு, அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும், 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு கிடைத்த விதையை விதைக்க ஏக்கர் கணக்கில் பட்டா கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கூட்டத்தில் பேச்சு மாறிவிடும். எங்கள் ஊரில் கல்வரப்புக்கு உள்ளே பஞ்சகிருஷி திரும்ப வந்தது. காட்டுப்பன்றி பாதி தின்றது. மீதி களஞ்சியத்துக்கு வந்தது.

பண விஷயம் இல்லாமல் கட்டடக் கட்டுரை எழுதக் கூடாது. அரசு வீட்டுத் திட்டங்களில் தொகை தவணையாக வரும்: அடித்தளம் முடிந்தால் ஒன்று, ஜன்னல் மட்டம் வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று. முதல் தவணைக்கு முன்பே கைக்காசு போட வேண்டும். கூலி வேலை செய்கிற குடும்பத்தில் அது ஏது? அந்த இடைவெளியில்தான் ஒப்பந்தக்காரர் நுழைவார். பாஸ்புக்கை வாங்கிக்கொள்வார். கூரை ஒழுகும் வீட்டைக் கொடுத்துவிட்டு, அல்லது கூரையே இல்லாமல் விட்டுவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இதை உடைக்க ஊர் எடுத்த வழி எளிது. நன்கொடையில் மிஞ்சிய தொகையை ஊர்க்கணக்கில் போட்டு, முதல் தவணைக்கான கைக்காசை அதிலிருந்து கடனாகக் கொடுத்தார்கள். தவணை வந்ததும் திரும்பும். வட்டி கிடையாது, பதிலுக்கு ஒவ்வொரு வீடும் கட்டும்போது கூலியில் ஒரு சின்னப் பங்கை 'மெழுகல் கணக்கு' என்று போட வேண்டும். தை மாசம் அந்தக் கணக்கிலிருந்து பெண்களுக்கு இரண்டு நாள் கூலி. மூப்பனின் கேள்விக்கு ஊரே கண்டுபிடித்த பதில் இதுதான். இதில் என் பங்கு பேனாவைப் பிடித்தது மட்டும்.

அந்த ஊரில் சூரியத் தெருவிளக்குகளும் இருக்கின்றன. ஒரு நிறுவனம் விழா எடுத்துக் கொடுத்தது. பேட்டரி செத்து வெகுகாலமாயிற்று. மாற்ற ஆளுக்கு கோவைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், வந்தால் வண்டி வாடகையே பேட்டரி விலை. கம்பங்களில் இப்போது துணி காய்கிறது. இடுக்கிக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. அங்கே மலையோரத் தோட்டங்களில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சின்ன டர்பைன் சுற்றி இரண்டு மூன்று பல்பு எரிக்கிற வீடுகள் உண்டு. கெட்டுப்போனால் அடிமாலியில் பேரிங் வாங்கி வந்து அவர்களே மாட்டிக்கொள்வார்கள். மாங்குளம் பஞ்சாயத்து ஒரு படி மேலே போய் 110 கிலோவாட் சிறு நீர்மின் நிலையமே அமைத்தது.

இடுக்கிப் பக்கம் எனக்கு வேலை கொடுத்தது முதுவர் பழங்குடியினரின் குடிகள். மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். பேசுவது பழைய தமிழ் வாசனையுள்ள மொழி. வாலிபர்கள் தூங்கச் சாவடி இருக்கும். ஈற்றை மூங்கில், மண், போதைப்புல் கூரை, இவைதான் வீடு. இடமலக்குடி, 2010ல் அமைந்த கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து, காட்டுக்குள் வெகுதூரம் இருக்கிறது. தலைச்சுமையாகப் போய்ச் சேர்கிற ஒரு மூட்டை சிமெண்டின் விலை அங்கே வேறு. இப்படிப்பட்ட இடத்தில் மண் வீடு கட்ட யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. சின்னாறு சரணாலயத்துக்குள் இருக்கும் தாயண்ணன்குடியில் வனத்துறை 'புனர்ஜீவனம்' என்று ஒரு முயற்சி எடுத்து, கைவிட்டுப் போன ராகி வகைகளை மறுபடி விதைக்கத் துணை நின்றது. வனத்துறையைத் திட்டுவதற்கு எனக்குக் காரணங்கள் நிறைய உண்டு. இதற்கு மட்டும் திட்ட முடியாது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் இந்த இடுக்கி மலையில்தான், வாகமணில், 1960களில் மனைவி டாக்டர் எலிசபெத்தோடு வாழ்ந்தார். திருவனந்தபுரத்துக்குப் போய்ப் பெயர் பெற்றது பிறகு. அவர் பெயரைச் சொல்லி இன்று மறையூர், காந்தளூர்ப் பக்கம் எழும்பும் 'சூழல் கிராம' விடுதிகளைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். மண் சுவர், புல் கூரை, உள்ளே ஏ.சி. அந்தச் சுவர்கள் பளிச்சென்று இருக்கும். யார் மெழுகுகிறார்கள் என்று விசாரித்தேன். பக்கத்துக் குடிகளிலிருந்து தினக்கூலிக்கு வரும் பெண்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் மண் உதிர்ந்து கிடக்கிறது. விடுதி நடத்துவது பாவம் என்று சொல்லவில்லை. அதைக் கிராமம் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

சுற்றுலாவே வேண்டாம் என்கிற கட்சியிலும் நான் இல்லை. பரம்பிக்குளத்தில் காடர், மலசர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகச் சம்பாதிக்கிறார்கள். வருமானம் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியே ஊருக்குள் வருகிறது. தேக்கடியில் 1990களின் கடைசியில் வயணப்பட்டை என்கிற காட்டு இலவங்கப்பட்டையைத் திருடிக்கொண்டிருந்தவர்களே காட்டுக்குக் காவலும் வழித்துணையும் ஆனார்கள். இவற்றிலெல்லாம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தை மாசம் ஊரில் ஆள் இருக்கிறார்களா? வேலை ஊரிலேயே கிடைத்தால் இருப்பார்கள். இருந்தால் வீடு நிற்கும், கல்வரப்பு நிற்கும், விதை நிற்கும்.

எங்கள் ஊரில் வரிசைக்கு இரண்டு பெண்கள் என்று மேஸ்திரி வேலை கற்றுக்கொண்டார்கள். மட்டப்பலகை, தூக்குக்குண்டு, அச்சு இயந்திரம், சுண்ணாம்புக் கலவை எல்லாம் கைவந்துவிட்டது. கடைசி வீடுகளை அவர்களே கட்டினார்கள்; நான் போய் மட்டம் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். பிறகு கோவையில் ஒரு பண்ணைவீட்டு வேலைக்கு அவர்களை அழைத்துப் போனேன். வீட்டுக்காரர் வேலையைப் பார்த்து அசந்துபோனார். சனிக்கிழமை கூலி எண்ணும்போது மட்டும் அவர்களுக்குச் சித்தாள் கூலி வைத்தார். "பொம்பளைங்கதானே" என்றார். மேஸ்திரிக் கூலி கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை யாரும் வர மாட்டோம் என்று சொன்னது நானில்லை, அவர்களில் மூத்தவர். கொடுத்தார்.

தமிழ்நாட்டில் மண் வீடு கட்டிக்கொள்ளும் ஆசை இப்போது பெருகி வருகிறது. நல்ல ஆசை. கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கட்டுகிறவர்கள் ஆனைகட்டிக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் விசாரியுங்கள். வேலை தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. தை மாசத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். அது அவர்கள் சொந்தச் சுவரை மெழுகுகிற மாசம். கூலி பேசும்போது ஆண் மேஸ்திரிக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே பேசுங்கள்.